உரக்கடையில் ஒரு கிரேக்கப் பெயர்: ராலி குடும்பத்தின் வம்சவழி நமக்குச் சொல்வது என்ன?

வாழப்பாடி, பேளூர், பெத்தநாயக்கன்பாளையம் பகுதிகளில் பாக்கும் மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பங்களுக்கு 'ராலிஸ்' என்ற பெயர் புதிதல்ல. பூச்சிமருந்து டப்பாவில் அதைப் பார்த்திருப்பார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக் கூரையில் சுழன்ற 'ராலி ஃபேன்' நினைவுக்கு வரலாம். இன்று டாடா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் அது. ஆனால் பெயர் டாடா வைத்ததல்ல, இந்தியப் பெயரும் அல்ல. உஸ்மானியப் பேரரசின் குடிமக்களாக வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகக் குடும்பத்தின் பெயர் அது.

அந்தக் குடும்பத்தின் வம்சவழியைப் பல தலைமுறைகளுக்கு இன்றும் பெயர் பெயராகச் சொல்ல முடிகிறது. நம் வீடுகளிலோ பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் பலர் விழிக்கிறோம். ஊரை இழந்து, நாடு நாடாகச் சிதறிய ஒரு குடும்பத்தின் வழி எப்படித் தப்பியது? இதைத் தெரிந்துகொள்வது பழங்கதை கேட்பதற்காக மட்டும் அல்ல. வாரிசுரிமை, வக்ஃப், மஹ்ரம் உறவு என்று நம் வீட்டுக்குள் வரும் பல கேள்விகளுக்கு வம்சவழிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஸ்தகித் தீவு

ராலி குடும்பத்தின் சொந்த ஊர் கியோஸ் தீவு. துருக்கியின் மேற்குக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. ஜெனோவா நகர வணிகர்களின் ஆட்சியில் இருந்த அந்தத் தீவு 1566-ல் உஸ்மானியர் வசம் வந்தது. துருக்கியர் அதை 'சாகிஸ்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பிசின் என்று பொருள். யூனானி மருத்துவத்திலும் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் 'ரூமி மஸ்தகி' என்று விற்கும் வெண்பிசின்தான் அது. அந்தப் பிசினுக்குப் பெயர்பெற்ற இடம் கியோஸின் தென்பகுதிக் கிராமங்கள். அந்தக் கிராமத்தார் சுல்தானுக்கான வரியை மஸ்தகியாகவே செலுத்தினார்கள்.

தீவின் பெரும்பான்மையினர் கிரேக்கக் கிறிஸ்தவர்கள். உஸ்மானிய ஆட்சியில் அவர்கள் திம்மிகள். ஜிஸ்யா செலுத்தி, தம் மார்க்கத்தையும் தேவாலயங்களையும் வைத்துக்கொண்டார்கள். திருமணம், ஞானஸ்நானம் ஆகியவை தேவாலயத்தில் பதிவாயின. நிலம், கடன், பாகப்பிரிவினை போன்றவற்றுக்கு முஸ்லிம் அல்லாதவர்களும் காஜியின் நீதிமன்றத்தை நாடியதுண்டு. அந்தப் பதிவேடுகளில் அவர்களின் பெயர்களும் தந்தை பெயர்களும் ஏறின.

மஸ்தகியோடு பட்டும் தீவின் பெரும் வணிகம். இஸ்தான்பூல், இஸ்மிர் போன்ற துறைமுகங்களில் கியோஸ் வணிகர்களுக்குக் கடைகள் இருந்தன. ராலி, ரொதொகனாகி, ஆர்ஜெந்தி, ஸ்கிலிட்ஸி, மவ்ரொகொர்தாத்தோ போன்ற சில குடும்பங்கள் தீவின் செல்வத்தைக் கையில் வைத்திருந்தன. இக்குடும்பங்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்தன. பெண்ணோடு வந்த சீதனம் வணிகத்துக்கு முதலாகவும் ஆனது. மைத்துனர் கூட்டாளி ஆவார். மாமனார் கடன் கொடுப்பார். ஆகவே இவர்களின் வம்சவழிப் படத்தை வரைந்தால், கிளைவிடும் மரமாக அது நிற்பதில்லை. வலை போலப் பின்னிக்கொள்கிறது.

ஐந்து சகோதரர்கள், ஐந்து நகரங்கள்

கியோஸ் வணிகர் ஸ்தெபனோஸ் ராலிக்கு ஐந்து ஆண் மக்கள் வணிகத்தில் பெயர் பெற்றார்கள். மூத்தவர் யோவான்னிஸ், ஆங்கிலேயர் வாயில் ஜான். அடுத்து அகஸ்டஸ், பாண்டியா, தோமாஸ். இளையவர் எவ்ஸ்திராதியோஸ். (பாண்டியா என்பது கிரேக்கப் பெயர், நம் பாண்டியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) 1818-ல் இலண்டனில் இவர்களின் வணிகம் தொடங்கியது. பின்னர் சகோதரர்கள் நகரங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஜான் கருங்கடல் துறைமுகமான ஒடெஸாவில் தானிய வணிகம் பார்த்தார். அகஸ்டஸ் பிரான்சின் மார்செய் நகரில். தோமாஸ் இஸ்தான்பூலில். பாண்டியா இலண்டனில். எவ்ஸ்திராதியோஸ் துணி ஆலைகள் நிறைந்த மான்செஸ்டரில்.

தந்தி வராத காலம் அது. ஒடெஸாவில் கோதுமை என்ன விலை, மான்செஸ்டர் துணிக்கு இஸ்தான்பூலில் கேட்பு இருக்கிறதா என்பது கடிதம் வழியாகத்தான் தெரிய வேண்டும். எழுதுகிறவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும். உடன்பிறந்தவரைவிட நம்பிக்கையானவர் யார்? கிளைகளுக்கு அனுப்பப்பட்ட எழுத்தர்களும் மேலாளர்களும்கூடப் பெரும்பாலும் கியோஸ் குடும்பத்துப் பிள்ளைகளே. இப்படித்தான் அவர்கள் பாரசீகத்தின் தப்ரீஸ் வரை சென்றார்கள். 1851-ல் கல்கத்தாவில் கிளை திறந்தார்கள், 1861-ல் பம்பாயில். சணல், பருத்தி, எண்ணெய் வித்துகளை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடியின் பருத்தி வணிகத்திலும் ராலி கம்பெனி இருந்தது.

1948-ல் இந்தியாவில் ராலிஸ் நிறுவனம் பதிவானது. பிறகு அது டாடாவின் கைக்குப் போனது. குடும்பம் போய்விட்டது; பெயர் மட்டும் உரக்கடை அலமாரியில் தங்கிவிட்டது.

1822: மரம் முறிந்த ஆண்டு

இக்குடும்பத்தின் வம்சவழியைப் படிக்கும் எவரும் 1822-ல் நின்றுவிடுவார்கள். முந்தைய ஆண்டு கிரேக்கர்கள் உஸ்மானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். 1821-ல் திரிபோலித்ஸா நகரம் கிளர்ச்சியாளர் வசம் விழுந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கியோஸின் வணிகர்கள் கிளர்ச்சியில் சேரத் தயங்கினார்கள். ஆனால் 1822 மார்ச்சில் பக்கத்துத் தீவான சாமோஸிலிருந்து ஆயுதக் குழு ஒன்று கியோஸில் இறங்கி, கோட்டையை முற்றுகையிட்டது. அதை அடக்க வந்த உஸ்மானியப் படைகள் கிளர்ச்சியாளர்களோடு நிற்கவில்லை. பல்லாயிரக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பிணையாக வைக்கப்பட்டிருந்த குடும்பத் தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தீவின் புகழ்பெற்ற பள்ளியும் அதன் நூலகமும் அழிந்தன.

உஸ்மானியர் மீது நமக்கு இருக்கும் பற்று இதைச் சொல்வதற்குத் தடையாக இருக்கக் கூடாது. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று தடுத்தவர்கள் நம் நபிகளார் (ஸல்). அதை மீறியவர் யாராக இருந்தாலும் மீறல் மீறல்தான். திரிபோலித்ஸாவில் கொல்லப்பட்டவர்களுக்கு நாம் கேட்கும் நியாயத்தை கியோஸில் கொல்லப்பட்டவர்களுக்கும் கேட்பதே நீதி.

ஐந்து சகோதரர்களின் கிளை தழைத்ததற்கு ஒரு காரணம், 1818-லேயே வணிகம் வெளியூரில் வேர்விட்டிருந்தது. ஊரைவிட்டுத் தப்பிவந்த உறவினர்களுக்கு இலண்டனிலும் மார்செயிலும் ஒரு வாசற்படி இருந்தது. அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களைத் தேடி, பணம் கொடுத்து மீட்ட உறவினர்களும் இருந்தார்கள். யார் யாருடைய மகள், யாருடைய தங்கை என்பது தெரிந்தால்தான் தேடிப்போக முடியும். குடும்பப் பெயர்ப் பட்டியல் அன்று ஒருவரின் விடுதலைக்கே வழியாக இருந்தது.

ஒரே பெயர், பல பேர்

கியோஸ் குடும்பங்களில் பெயர்வைப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர். அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர். நமக்கும் இது தெரிந்த வழக்கமே. இதனால் ஒரே தலைமுறையில் பல ஸ்தெபனோஸ்கள், பல பாண்டியாக்கள். ஐந்து சகோதரர்கள் ஒவ்வொருவரும் ஒரு மகனுக்குத் தந்தையின் பெயரை வைத்தால் குடும்பத்தில் ஐந்து ஸ்தெபனோஸ்!

குழப்பம் வராமல் இருக்க, தந்தை பெயரை நடுவில் சேர்த்தார்கள். பாண்டியா ஸ்தெபனோஸ் ராலி என்றால் ஸ்தெபனோஸின் மகன் பாண்டியா. ஸ்தெபன் அகஸ்டஸ் ராலி என்றால் அகஸ்டஸின் மகன் ஸ்தெபன். 1865-ல் பாண்டியா இறந்தபின் நிறுவனத்தை நடத்தியவர் இந்த ஸ்தெபன்தான். அரபியர் 'இப்னு' என்று சொல்வதும், தமிழ்நாட்டில் நாம் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துப் போடுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு வேறுபாடு: அவர்கள் தந்தை பெயரை முழுதாக எழுதினார்கள். நாம் ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். 'அ. முஹம்மது' என்றால் அப்துல் காதிரா, அமீர் ஜானா, அஹ்மதா? இரண்டு தலைமுறை கழிந்தால் சொல்ல ஆள் இருக்காது.

இன்னொரு தடயம் கல்லறைகள். இலண்டன் கிரேக்கர்கள் 1842-ல் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஒரு பகுதி வாங்கினார்கள். ஸ்தெபன் அகஸ்டஸின் மகன் பள்ளியில் படிக்கும்போதே 1872-ல் இறந்தான். பாட்டனாரைப் போலவே அவன் பெயரும் அகஸ்டஸ். அவன் நினைவாக அங்கே தந்தை ஒரு சிற்றாலயம் கட்டினார். கற்களில் உள்ள பெயர், ஊர், ஆண்டு எல்லாம் வம்சவழி ஆய்வாளர்களுக்குச் சான்றுகள். இவை போன்ற துண்டுகளைச் சேர்த்துத்தான், கியோஸ் வம்சத்தவரான பிலிப் ஆர்ஜெந்தி 1955-ல் அத்தீவின் பெருங்குடும்பங்களின் வம்சவழி நூலை இலண்டனில் வெளியிட்டார்.

பெருமைக் கதையும் ஆவணமும்

ராலி குடும்பத்தில் ஒரு பெருமைக் கதை உண்டு. பதினோராம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசுக்கு வந்து சேர்ந்த ராவுல் என்ற நார்மன் வீரனின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது. பைசாந்தியத்தில் ராவுல், ராலிஸ் என்ற உயர்குடி இருந்தது உண்மை. ஆனால் அந்த உயர்குடியையும் கியோஸ் வணிகர்களையும் தலைமுறை விடாமல் இணைக்கும் ஆவணச் சங்கிலி இல்லை. பெயர் ஒற்றுமை சான்று ஆகாது.

நம்மிடமும் இத்தகைய கதைகள் உண்டு. அரபு வணிகர் வழி, துருக்கிக் குதிரை வீரர் வழி, இன்ன மகானின் வழி என்று சொல்லும் குடும்பங்கள் பல. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் வீட்டில் சொல்லப்படுவதை 'சொல்லப்படுவது' என்றும், பத்திரத்தில் இருப்பதைப் 'பத்திரத்தில் உள்ளது' என்றும் தனித்தனியே எழுதுவதுதான் நேர்மை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்த சமூகத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வம்சவழி தெரிந்துகொள்வதன் நோக்கத்தையும் மார்க்கம் சொல்லியிருக்கிறது. மக்கள் கிளைகளாகவும் குலங்களாகவும் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பதும், சிறப்பு இறையச்சத்தால் மட்டுமே என்பதும் சூரா அல்ஹுஜுராத் தரும் பாடம். உறவுகளைச் சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான அளவுக்கு வம்சவழியை அறிந்துகொள்ளுமாறு கூறும் நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது. உறவைச் சேர்ப்பதே நோக்கம். குலப்பெருமைக்கு அதில் இடமில்லை.

வசிஷ்ட நதி போய்ச்சேரும் ஊர்

ராலி சகோதரர்களைப் போன்ற வணிகக் குடும்பங்கள் நம்மிடமும் இருந்தன. ஒன்றைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். வாழப்பாடி வட்டம் புழுதிக்குட்டை ஆணைமடுவு அணையைத் தாண்டி ஓடும் வசிஷ்ட நதி, ஆத்தூர் வழியாகச் சென்று வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. அந்தத் துறைமுகத்து மரைக்காயர்கள் தென்கிழக்கு ஆசியாவுக்குத் துணி கொண்டுபோய், அங்கிருந்து பாக்கும் மிளகும் ஏற்றிவந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் காதிர் முஹையித்தீன் மரைக்காயர். ஆங்கிலேயர் 1786-ல் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபின் அங்கே செல்வாக்குப் பெற்ற வணிகரானார். தென்னிந்தியச் சமூகத்தின் தலைவராக, 'கப்பித்தான் கெலிங்' என்ற பட்டம் பெற்றார். 1801-ல் கும்பினி வழங்கிய நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அந்தப் பட்டத்தின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 1834-ல் அவர் இறந்தார்.

மரைக்காயர் என்ற சொல் மலாய் நாட்டில் 'மெரிக்கன்' ஆனது. இலங்கையில் 'மரிக்கார்' என்று எழுதப்படுகிறது. பினாங்கிலும் கெடாவிலும் மெரிக்கன் என்ற பெயர் தாங்கிய குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. எழுத்துக்கூட்டல் மாறியதாலேயே, இக்கரையில் இருப்பவர்களும் அக்கரையில் இருப்பவர்களும் உறவினர்கள் என்பது மறந்துபோன வீடுகள் உண்டு.

இக்குடும்பங்களின் வழியைக் காட்டுபவை எவை? மரண சாசனங்கள், வக்ஃப் பத்திரங்கள், சொத்து வழக்குகள், மீஸான் கற்கள். வணிகர் தம் சொத்தை வக்ஃப் செய்யும்போது நிர்வாகி யார், அவருக்குப்பின் யார் என்று எழுதியாக வேண்டும். அந்த வரிகளே பின்னாளில் வம்சவழிச் சான்றாகின்றன. மறுபக்கமும் உண்டு. வாரிசுகள் தெளிவில்லாமல் போன இடங்களில் வக்ஃப் சொத்துகள் கைமாறின, நிர்வாகம் சீர்கெட்டது. 1905-ல் ஆங்கிலேய அரசு பினாங்கு உள்ளிட்ட குடியேற்றங்களில் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம் வீட்டுக்கு இது ஏன் தேவை?

முதலாவது, பாகம். பாட்டனார் பெயரில் பட்டா அப்படியே இருக்க, மக்களும் பேரர்களும் ஒவ்வொருவராக இறந்துபோன நிலங்கள் நம் ஊர்களில் எத்தனை! ஃபராயிள் கலையில் இந்நிலைக்கு 'முனாஸகா' என்று பெயர். யார் எப்போது இறந்தார், அப்போது யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று தெரியாமல் ஆலிம் கணக்குப் போட முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் எளிதில் கிடைக்காது.

இரண்டாவது, பெண்கள். பல வீடுகளில் வைத்திருக்கும் வம்சவழிப் படத்தில் ஆண்களின் பெயர் மட்டும் இருக்கும். 'மூன்று பெண் மக்கள்' என்று ஒரு வரியோடு பாட்டிமார்கள் முடிந்துவிடுவார்கள். பெயர் விடுபட்டால் பங்கும் விடுபடுகிறது. அல்லாஹ் பங்கு நிர்ணயித்த ஒருவரை நம் காகிதம் அழித்துவிடக் கூடாது.

மூன்றாவது, மஹ்ரம். ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் தமக்குள் மணம் முடிக்க முடியாது. பால்குடி உறவு எந்த அரசுப் பதிவிலும் இல்லை. வயதான பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகள் விஷயமும் இப்படியே. அவர்களை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை.

எங்கிருந்து தொடங்கலாம்?

1. வீட்டில் உள்ள மூத்த பெண்மணியிடமிருந்து தொடங்குங்கள். பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர், பால்குடி உறவு, சிறு வயதில் இறந்த பிள்ளைகள் ஆகிய விவரங்களை ஆண்களைவிட அவர்களே நன்கு அறிவார்கள். பேச்சை அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

2. ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரைப் பாருங்கள். மணமக்கள், தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் என்று ஒரு பக்கத்திலேயே பல பெயர்கள் கிடைக்கும். பழைய தஃப்தர்கள் கரையான் அரிக்கும் நிலையில் இருந்தால், நிர்வாகத்தின் அனுமதியோடு படம் எடுத்து வையுங்கள்.

3. பழைய கிரயப் பத்திரங்களையும் பாகப் பத்திரங்களையும் எடுங்கள். 'இன்னாருடைய பேரன், இன்னார் குமாரர்' என்று எழுதும் வழக்கத்தால் ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைக்கும். வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் நகலும் கேட்டுப் பெறலாம்.

4. கப்ருஸ்தானில் உள்ள மீஸான் கற்களைப் படித்து வையுங்கள். ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால், அதை அப்படியே எழுதிக்கொண்டு, ஆங்கில ஆண்டைப் பக்கத்தில் குறியுங்கள்.

5. அரபுத்தமிழிலோ உருதுவிலோ எழுதிய பழைய கடிதங்கள், கணக்கேடுகள் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஆலிமிடம் காட்டுங்கள். வெளிநாட்டு முகவரி எழுதிய ஓர் உறைகூட மறந்துபோன ஒரு கிளையைக் கண்டுபிடிக்க உதவலாம்.

6. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள்: பாட்டி சொன்னது, தஃப்தர், பத்திரம், கல். தலைப்பெழுத்தை விரித்து முழுப் பெயராக எழுதுங்கள். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் போன்ற குடிப்பெயர்கள் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றனவோ, எல்லாவற்றையும் குறியுங்கள்.

எழுதியதைப் பல படிகள் எடுத்து, ஒன்றைத் திருமணமாகிப் போன பெண் மக்களிடமும் கொடுத்துவையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியலாம். கியோஸ் நூலகத்துக்கு அப்படித்தான் நேர்ந்தது. ராலிகளின் வழி தப்பியதற்கு அவர்களின் செல்வம் மட்டும் காரணமல்ல. இலண்டனில் ஒரு கல், மார்செயில் ஒரு பதிவு, இன்னொரு நகரத்தில் ஒரு மரண சாசனம் என்று அது பல இடங்களில் எழுதப்பட்டிருந்தது. நம் வீடுகளில் இன்று எண்பது வயதைக் கடந்த ஒருவர் இருந்தால், அவரே நம் பதிவேடு. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவரிடம் உட்கார்ந்து, அவருடைய பாட்டியின் பெயரிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.